சாம்பியன் இல்லாத ஆண்டு: 1939-ன் பிரிட்டிஷ் ஸ்பீட்வே லீக்

ஸ்பீட்வே என்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் பிரிட்டிஷ் லீக்கை எந்தெந்த ஆண்டு எந்தெந்த அணி வென்றது என்ற பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் கண் நின்றுவிடும். 1937, வெஸ்ட் ஹாம். 1938, நியூ கிராஸ். அடுத்து 1939. அந்த வரியில் அணியின் பெயர் கிடையாது. சீசன் கைவிடப்பட்டது என்று மட்டும் இருக்கும். அப்புறம் ஆறு வருடங்களுக்கு லீக்கே இல்லை. 1946-ல் வெம்ப்ளி என்று மறுபடியும் ஒரு பெயர் வருகிறது.

போர் வந்தது, பந்தயம் நின்றது என்று ஒரே வாக்கியத்தில் இதைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்த 1939-ல் போர் மூண்டபோது புள்ளிப் பட்டியலின் உச்சியில் ஓர் அணி இருந்தது. மான்செஸ்டர் நகரத்து பெல் வியூ ஏசஸ். அக்டோபரில் முடிய வேண்டிய சீசன், நின்றது செப்டம்பர் தொடக்கத்தில். பெரும்பகுதி ஓடி முடித்த லீக்கில் முதலிடத்தில் இருந்தவர்களுக்குக் கோப்பையைக் கொடுத்திருக்கக் கூடாதா? எனக்கும் முதலில் தோன்றிய கேள்வி இதுதான். ஸ்பீட்வே எப்படி நடக்கிறது, அதில் லீக் என்றால் என்ன என்று தெரிந்துகொண்ட பிறகுதான் விடை புரிந்தது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்பீட்வே என்பது நீள்வட்ட மண்பாதையில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயம். ஒரு நேரத்தில் நாலே பேர் ஓட்டுவார்கள். இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி நாலு சுற்று. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். இப்படி ஒரு தடவை ஓடுவதை ஒரு ஹீட் என்பார்கள்.

வண்டியில் பிரேக் கிடையாது. ஒரே கியர்தான், ஓடும்போது மாற்ற ஒன்றுமில்லை. 1930-களில் பெரும்பாலோர் ஓட்டியது வடக்கு லண்டனில் உள்ள டாட்டன்ஹாமில் தயாரான ஜேஏபி எஞ்சின். ஒற்றை சிலிண்டர், 500 சிசி. டேங்கில் ஊற்றுவது மெத்தனால். எஞ்சின் ஆயில் ஆமணக்கெண்ணெயில் செய்தது. அந்த எண்ணெய் சூட்டில் கருகும் மணம்தான் ஸ்பீட்வே மைதானத்தின் மணம் என்று பழைய ரசிகர்கள் சொல்வார்கள். விளக்கெண்ணெய் என்றதும் முகத்தைச் சுளிக்கிற நமக்கு அதை நம்புவது கொஞ்சம் கஷ்டம்.

பிரேக் இல்லாவிட்டால் ஆபத்தாயிற்றே என்று கேட்கலாம். நாலு வண்டிகள் கைக்கெட்டும் தூரத்தில் ஓடும்போது, முன்னால் போகிறவர் சட்டென்று பிரேக் போட்டால்தான் ஆபத்து. பின்னால் வருகிறவருக்கு ஒதுங்க நேரம் இருக்காது. யாருக்குமே பிரேக் இல்லையென்றால் யார் எவ்வளவு வேகத்தில் வருவார் என்று ஓரளவு கணிக்க முடியும்.

சரி, பிரேக் இல்லாமல் வளைவில் எப்படித் திரும்புவது? அதில்தான் இந்த விளையாட்டின் அழகு முழுக்க இருக்கிறது. வளைவுக்குள் நுழையும்போது ரைடர் ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்குவார். பின்சக்கரம் பிடி விட்டு வெளிப்பக்கமாகச் சறுக்கும். வண்டி இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்க, முன்சக்கரம் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். இடது பாதத்தில் இரும்புத் தகடு பொருத்திய ஷூ. அந்தக் காலைத் தரையில் தேய்த்தபடி, முழு வண்டியையும் குறுக்காகச் சாய்த்து இழுத்துக்கொண்டு போவார். அந்தக் காலத்துப் பாதையில் கொட்டியிருந்தது நிலக்கரி எரிந்தபின் மிஞ்சும் சாம்பல் கட்டிகளின் நொறுங்கல். பின்சக்கரம் அதை வாரி இறைக்கும். முன்னால் போகிறவருக்குத் தெளிவான பாதை, பின்னால் வருகிறவருக்கு முகம் முழுக்கக் கரி. அதனால்தான் தொடக்கத்துக்கு அத்தனை மதிப்பு. குறுக்கே இழுத்துக் கட்டிய நாடா மேலே சுண்டி எழும் கணத்தில் கிளட்சை விட்டு, முதல் வளைவை முதலில் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இந்த விளையாட்டு ஆஸ்திரேலியாவில் 1920-களில் வளர்ந்தது. பிரிட்டனில் அதைப் பரவலாக்கியது 1928 பிப்ரவரி 19-ம் தேதி லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டின் ஹை பீச்சில் நடந்த பந்தயம். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம் வந்துவிட்டது. அடுத்த ஆண்டே லீக்குகள் தொடங்கின. 1932-ல் தேசிய லீக் என்று ஒன்றாகின.

தனியாள் பந்தயமாக இருந்ததை அணி விளையாட்டாக மாற்றியது ஒரு எளிய கணக்கு. ஒவ்வொரு ஹீட்டிலும் இரண்டு பேர் ஓர் அணி, இரண்டு பேர் எதிரணி. முதலில் வருகிறவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியாக வருகிறவருக்கு ஒன்றுமில்லை. ஆக ஒரு ஹீட்டுக்கு 6 புள்ளி. என் ஆள் முதலிடம், இன்னொரு ஆள் கடைசி என்றால் 3-3. இருவரும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தால் 5-1. ஆகவே முன்னால் போகிறவர் தன் கூட்டாளிக்கு வழிவிட்டு, எதிரணிக்காரரை வெளிப்பக்கமாக ஒதுக்கி ஓட்ட வேண்டிய கட்டாயமும் இருக்கும். 1930-களின் கடைசியில் ஒரு லீக் மோதலுக்கு 14 ஹீட். மொத்தம் 84 புள்ளி. 42-42 என்றால் சமன். ஜெயித்த அணிக்கு லீக் பட்டியலில் 2 புள்ளி, சமன் என்றால் ஆளுக்கு 1.

இவ்வளவுதான் கணக்கு. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்காவிட்டால் 1939 புரியாது. ஸ்பீட்வேயில் சொந்த மைதானம் என்பது மற்ற பல விளையாட்டுகளில் இருப்பதைவிடப் பெரிய விஷயம். தென்கிழக்கு லண்டனில் நியூ கிராஸ் பாதை 240 மீட்டர்தான். அதற்கு ரசிகர்கள் வைத்த பெயர் வாணலி. நேராக ஓட இடமே இருக்காது, ஒரு வளைவிலிருந்து நிமிர்வதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். கிழக்கு லண்டனில் வெஸ்ட் ஹாம் அணியின் பாதையோ ஏறக்குறைய 400 மீட்டர். அங்கே ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடிக்கிற துணிச்சல்தான் பேசும். வாணலியில் பழகியவர் வெஸ்ட் ஹாமுக்குப் போனால் கியர் விகிதத்திலிருந்து வளைவில் நுழையும் கோணம் வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அதனால்தான் லீக் அட்டவணையில் ஒவ்வோர் அணியும் இன்னோர் அணியோடு இரு மைதானங்களிலும் சம எண்ணிக்கையில் மோதும். முந்தைய ஆண்டு, அதாவது 1938-ல், ஏழு அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஆறு அணிகளோடு நாலு தடவை: இரண்டு உள்ளூரில், இரண்டு வெளியூரில். ஆளுக்கு 24 மோதல். அட்டவணை முழுதாக ஓடி முடிந்தால்தான் மைதானத்தின் சாதகமும் பாதகமும் ஒன்றையொன்று சரிக்கட்டும்.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. அ என்ற அணி 20 மோதல் முடித்து 28 புள்ளியோடு முதலிடம். ஆ என்ற அணி 18 மோதல் முடித்து 26 புள்ளியோடு இரண்டாமிடம். ஆ அணிக்கு மீதி ஆறு, அதில் நாலு சொந்த மைதானத்தில். அ அணிக்கு மீதி நாலு, அதில் மூன்று வெளியூரில். இன்றே நிறுத்தினால் அ முதலிடம். ஆனால் உள்ளூர்க்காரரிடம் பந்தயம் கட்டச் சொன்னால் ஆ மீதுதான் பணம் வைப்பார். ஓடும் லீக்கில் பட்டியலின் உச்சி என்பது அன்றைய நிலவரம் மட்டுமே. மழையால் நின்ற ஒருநாள் கிரிக்கெட்டுக்கு டக்வொர்த்-லூயிஸ் என்று ஒரு கணக்கு இருக்கிறது, அது முன்கூட்டியே எல்லாரும் ஒப்புக்கொண்ட விதி. 1939-ன் லீக்குக்கு அப்படி ஒரு விதி கையில் இல்லை.

அந்த ஆண்டு முதல் டிவிஷனில் ஏழு அணிகள். லண்டனிலிருந்து மட்டும் ஐந்து: வெம்ப்ளி, விம்பிள்டன், வெஸ்ட் ஹாம், நியூ கிராஸ், ஹாரிங்கே. வெளியே பெல் வியூவும் சவுத்தாம்ப்டனும். லண்டனில் வாரத்தின் நடுவே மட்டும் ஒரு சுற்று சுற்றலாம். திங்கள் இரவு விம்பிள்டன், செவ்வாய் வெஸ்ட் ஹாம், புதன் நியூ கிராஸ், வியாழன் வெம்ப்ளி. வேலை முடிந்து வருகிற ஜனங்களுக்கான விளையாட்டு அது, ஆகவே பெரும்பாலும் மாலையில், விளக்கு வெளிச்சத்தில். இந்த விளக்கு வெளிச்சத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெல் வியூ அப்போது கொஞ்சம் வித்தியாசமான இடமாக இருந்தது. மான்செஸ்டரில் மிருகக்காட்சிசாலையும் கேளிக்கைப் பூங்காவும் சேர்ந்த ஒரு பெரிய வளாகம், அதற்குள் ஹைட் ரோடு மைதானம். அந்த அணி 1933 முதல் 1936 வரை தொடர்ந்து நாலு வருடம் லீக்கை வென்றது. அடுத்த இரண்டு வருடமும் கோப்பை லண்டனுக்குப் போனது. 1939-ல் மறுபடியும் முதலிடம். அணியில் எரிக் லாங்டன், பில் கிட்சன் மாதிரி பெரிய ரைடர்கள்.

1939 செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை. ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது. அன்றிரவே பிரிட்டன் முழுக்க இருட்டடிப்பு. தெருவிளக்கு எரியக் கூடாது, ஜன்னல் வழியே வெளிச்சம் கசியக் கூடாது. செப்டம்பர் 3, ஞாயிறு காலை 11.15-க்குப் பிரதமர் சேம்பர்லின் வானொலியில் போர் அறிவிப்பைச் சொன்னார். குண்டுவீச்சு எந்த நிமிடமும் வரலாம் என்ற பயத்தில் சினிமா, நாடகம், விளையாட்டு என்று கூட்டம் கூடும் இடங்களையெல்லாம் மூட அரசு உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்திருக்கும் மைதானத்தின் மேல் ஒரு குண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் யாரும் எதிர்த்துப் பேசியிருக்க முடியாது.

அந்த ஒரே வாரம் மூன்று விளையாட்டுகளை மூன்று வெவ்வேறு கட்டங்களில் பிடித்தது. கிரிக்கெட்டில் கவுன்டி சாம்பியன்ஷிப் ஏறக்குறைய முடிந்திருந்தது. செப்டம்பர் 1-ம் தேதி ஹோவ் மைதானத்தில் யார்க்‌ஷயரின் ஹெட்லி வெரிட்டி 9 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்து சசெக்ஸ் அணியை 33 ரன்னில் சுருட்டினார். யார்க்‌ஷயர் சாம்பியன். அது இன்றும் ஏட்டில் இருக்கிறது. (வெரிட்டி 1943-ல் இத்தாலியில் போர்க் காயத்தால் இறந்தார். அந்த ஏழு விக்கெட்டுகள்தான் கவுன்டி கிரிக்கெட்டில் அவரது கடைசி.) கால்பந்தில் லீக் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. மூன்றே ஆட்டங்கள், மூன்றையும் ஜெயித்து பிளாக்பூல் முதலிடம். அந்த மூன்று ஆட்டங்களையும் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். மூன்று ஆட்டத்துக்குக் கோப்பை கேட்க யாருக்கும் மனசு வராது.

ஸ்பீட்வே இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஆரம்பம் என்று தள்ளிவிடவும் முடியாது, முடிந்துவிட்டது என்று கோப்பை கொடுக்கவும் முடியாது. கைவிடப்பட்ட சீசன் என்ற சொல்லுக்கு இதைவிடச் சரியான உதாரணம் எனக்குத் தெரியாது. நடந்த மோதல்கள் நடந்தவையாகவே பதிவில் இருக்கின்றன. பெல் வியூ முன்னணியில் இருந்தது என்பதும் இருக்கிறது. சாம்பியன் என்ற சொல் மட்டும் இல்லை. இரண்டாம் டிவிஷனுக்கும் இதே முடிவுதான்.

லீக்கைவிடக் கொடுமையாக அறுந்தது உலக சாம்பியன்ஷிப். போர் அறிவிப்பு ஞாயிற்றுக்கிழமை. வெம்ப்ளியில் உலக இறுதிப் பந்தயம் அடுத்த வியாழன், செப்டம்பர் 7. நாலே நாள்.

அந்தக் காலத்து இறுதிப் பந்தயத்தில் ஒரு விசித்திர விதி இருந்தது. தகுதிச் சுற்றுகளில் எடுத்ததற்கேற்ப ஒவ்வொருவரும் போனஸ் புள்ளிகளோடு இறுதிக்கு வருவார்கள். இறுதியில் ஐந்து ஹீட், அதில் எடுப்பதையும் போனஸையும் கூட்டி முடிவு. 1936-ல் நடந்த முதல் இறுதியில் ஆஸ்திரேலியர் புளூயி வில்கின்சன் ஐந்து ஹீட்டையும் ஜெயித்து 15 புள்ளி எடுத்தார். அன்றிரவு யாரும் அவரைத் தோற்கடிக்கவில்லை. ஆனால் போனஸ் 10 மட்டுமே, மொத்தம் 25. இன்னொரு ஆஸ்திரேலியர் லயோனல் வான் பிராக்குக்கு 14-ம் 12-ம் சேர்ந்து 26. பெல் வியூவின் எரிக் லாங்டனுக்கு 13-ம் 13-ம் சேர்ந்து 26. இருவருக்கும் தனியாக ஒரு பந்தயம் வைத்து, வான் பிராக் ஜெயித்தார். 1937-ல் அமெரிக்கர் ஜாக் மில்ன். 1938-ல் ஒருவழியாக வில்கின்சன்.

1939-ல் போனஸ் புள்ளிகளில் எல்லாருக்கும் முன்னால் இருந்தவர் ஜாக் மில்னின் தம்பி கோர்டி மில்ன். சவுத்தாம்ப்டன் அணிக்கு ஓட்டியவர். அந்த வியாழக்கிழமை நடந்திருந்தால் அண்ணன் தம்பி இருவரும் உலக சாம்பியன் ஆகியிருப்பார்களா என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் 15 புள்ளி எடுத்தும் தோற்ற வில்கின்சனின் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஓடாத பந்தயத்தைப் பற்றி யாரும் எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்பதும் தெரியும். கோர்டி மில்ன் கடைசிவரை உலக சாம்பியன் ஆகவில்லை.

சினிமாக் கொட்டகைகள் சில வாரங்களிலேயே திறந்தன. கால்பந்தும் வட்டார லீக்குகளாகத் திரும்பி வந்தது. ஸ்பீட்வே லீக் ஏன் வரவில்லை? நினைவில் வைக்கச் சொன்ன அந்த விளக்கு வெளிச்சம்தான் முதல் காரணம். இரவில் மைதானம் முழுக்க விளக்கு எரிப்பது, இருட்டடிப்பு நாட்டில் எதிரி விமானத்துக்கு முகவரி எழுதிக் கொடுப்பது மாதிரி. செப்டம்பர் கடைசியிலேயே பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பந்தய வண்டி மெத்தனாலில் ஓடலாம், ஆனால் அதை ஊர் ஊராக ஏற்றிப்போகிற வேனுக்கு பெட்ரோல் வேண்டுமே. ரைடர்களும் மெக்கானிக்குகளும் இளவயதுக்காரர்கள், எஞ்சின் கைவந்தவர்கள். படைக்கும் தொழிற்சாலைக்கும் முதலில் தேவைப்பட்டதும் அவர்கள்தான். ஆஸ்திரேலியர்களும் அமெரிக்கர்களும் ஊர் திரும்பினார்கள். கால்பந்துக்கு இருபத்திரண்டு பேரும் ஒரு பந்தும் போதும். ஸ்பீட்வேக்கு அப்படி இல்லை.

ஆனாலும் ஒரே ஒரு இடத்தில் அது விடாமல் மூச்சு விட்டது. அது பெல் வியூ. சனிக்கிழமை மதியம், பகல் வெளிச்சத்தில், போர்க்காலம் முழுக்க அங்கே பந்தயங்கள் நடந்தன. லீக் இல்லை, அட்டவணை இல்லை. லீவில் வந்த ரைடர்கள், பக்கத்து முகாமில் இருந்தவர்கள், கிடைத்த வண்டியில் ஓட்டினார்கள். குண்டு விழுந்த நகரம் மான்செஸ்டர். அங்கே வாரம் ஒருமுறை ஆமணக்கெண்ணெய் மணம் வந்துகொண்டிருந்தது என்பது எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி.

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? 1938 சாம்பியன் வில்கின்சன் 1940-ல் சிட்னியில் சாலை விபத்தில் இறந்தார். முதல் சாம்பியன் வான் பிராக் ஆஸ்திரேலிய விமானப் படையில் விமானி ஆனார். 1942-ல் இந்தோனேசியத் தீவான சும்பா அருகே அவர் போன போக்குவரத்து விமானத்தை ஜப்பானியர்கள் சுட்டு வீழ்த்தினார்கள். ஏறக்குறைய 30 மணி நேரம் கடலில், சுறாக்களை விரட்டிக்கொண்டு, காயம்பட்ட சக வீரர்களைத் தாங்கிக் கரைசேர்த்தார். அதற்காக அவருக்கு ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது.

பாதியில் நின்ற சீசனை என்ன செய்வது என்ற கேள்வி 2020-ல் கொரோனா வந்தபோது உலகம் முழுக்க மறுபடி எழுந்தது. பிரான்ஸ் கால்பந்து லீக்கில், ஆடிய ஆட்டங்களுக்குச் சராசரி போட்டு, முதலிடத்தில் இருந்த பாரிஸ் அணிக்குப் பட்டம் கொடுத்தார்கள். நெதர்லாந்தில் அயாக்ஸும் ஏஇசட்டும் ஆளுக்கு 56 புள்ளி, கோல் வித்தியாசத்தில் அயாக்ஸ் முன்னால். அங்கே யாருக்கும் பட்டம் இல்லை என்றார்கள். இங்கிலாந்தின் கீழ்நிலை லீக்குகள் பலவற்றில் ஆடிய ஆட்டங்களையே அழித்துவிட்டார்கள். 1939-ன் ஸ்பீட்வே தேர்ந்தெடுத்தது ஏறக்குறைய நெதர்லாந்தின் வழி. வாணலியும் வெஸ்ட் ஹாமும் ஒரே லீக்கில் இருக்கிற விளையாட்டில் சராசரி போடுவது நியாயமாகாது என்பதால் அதுவே சரி என்று நான் நினைக்கிறேன். பெல் வியூ ரசிகர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதும் தெரியும்.

1946-ல் லீக் திரும்பியபோது அணிகள் சமமாக இருக்க வேண்டும் என்று ரைடர்களைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பங்கீட்டில் பெல் வியூவின் பில் கிட்சன் வெம்ப்ளிக்குப் போய், அங்கே கேப்டன் ஆனார். அந்த ஆண்டு லீக்கை வென்றது வெம்ப்ளி. உலக இறுதிப் பந்தயம் அதே வெம்ப்ளியில் 1949-ல்தான் மறுபடி நடந்தது, இங்கிலாந்தின் டாமி பிரைஸ் ஜெயித்தார்.

பெல் வியூ? 1936-க்குப் பிறகு அவர்களுடைய அடுத்த லீக் பட்டம் 1963-ல் வந்தது.